நல்ல காது

என் அண்ணன் தன் பியானோவைக் கோடாரியால் பிளந்தான். அதை ஒலிப்பதிவு செய்தார்கள். அந்த ஆல்பத்தின் முதல் உருப்படி அதுதான்.

சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லவில்லை. அவனுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த பியானோ அது. அதை வீட்டிலிருந்து லாரியில் ஏற்றிவந்து ஒலிப்பதிவுக் கூடத்தின் நடுவில் நிறுத்தினான், சுற்றிலும் மைக் வைக்கச் சொன்னான், என்னைப் பார்த்து, நான் வெட்டுகிறேன், நீ தாளம் போடு என்றான். நான் டிரம்ஸ் வாசிப்பவள். போட்டேன். மூடி தெறித்தது, பல்வரிசை மாதிரி இருந்த கட்டைகள் சிதறின. உள்ளே இழுத்துக் கட்டியிருந்த தடித்த கம்பி ஒன்று அறுந்து வந்து அவன் கன்னத்தைக் காதிலிருந்து உதடு வரை கிழித்தது. ரத்தம் காலருக்குள் இறங்கியது. அவன் கோடாரியைக் கீழே வைக்கவில்லை. வெட்டிக்கொண்டே இருந்தான்.

மூத்தவனை அவன் இவன் என்கிறேனே என்று யோசிக்கிறீர்களா? முடிவில் நீங்களும் அப்படித்தான் சொல்வீர்கள்.

ஜாஸ் பியானோவில் அவனை அடிக்க ஆள் இல்லாத காலம் ஒன்று இருந்தது. பெரிய ஓட்டல் மண்டபங்களில் வாசிப்பான், ஜனங்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்கள். அந்தக் கண் மூடல்தான் அவனுக்கு ஆகவில்லை. ஒரு நாள் முன்வரிசையில் ஒரு மனிதர் நிம்மதியாகக் குறட்டை விட, உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்த ஸ்டூலைத் தூக்கி அவர் மேல் எறிந்தான். அதோடு ஓட்டல்கள் கதவைச் சாத்தின. அவன் மின்சாரக் கீபோர்டுகளுக்குப் போனான். மூன்று வாங்கினான். ஒன்றின் உள்ளே சின்னச் சின்ன இரும்புக் குச்சிகள் உண்டு, மெதுவாகத் தொட்டால் மணி, ஓங்கி அடித்தால் நாய் உறுமல். இன்னொன்று ஆர்கன். மூன்றாவது முழுக்கத் திருகுகளும் வயர்களும். மூன்றையும், ஓசையை நசுக்கிக் கரகரக்க வைக்கும் காலடிப் பெட்டிகளுக்குள் விட்டு எடுத்தான். இனிமேல் தன் பாட்டைக் கேட்டு எவனும் தூங்க முடியாது என்றான்.

வாசிக்க மூன்றே பேர். கீபோர்டில் அவன், டிரம்ஸில் நான், பாஸ் கிதாரில் என் வீட்டுக்காரர். தடித்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பதிவு செய்தவள் கண்ணாடி அக்கா. அவள் மூக்குக்கண்ணாடி போட்டவள் இல்லை. எந்நேரமும் கண்ணாடிக்குப் பின்னாலேயே இருந்ததால் வந்த பேர்.

என் வீட்டுக்காரருக்குச் சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இடது காது போய்விட்டது. மிச்சம் இருந்தது வலது காது ஒன்று. அந்த ஒன்றை வைத்துக்கொண்டு, தெருவில் போகிற கார் ஹாரன் என்ன சுரத்தில் அடிக்கிறது என்று சொல்வார். குக்கர் விசில் சுருதி இறங்கிவிட்டது, ரப்பரை மாற்று என்பார், மாற்றினால் சரியாக இருக்கும். ஒரு காது போதும், உன் அண்ணன் பேச்சைக் கேட்க அதுவே ஜாஸ்தி என்பது அவருடைய பழைய ஜோக். நல்ல காது என்றுதான் வீட்டில் அதற்குப் பேர். நான் படுப்பது அந்தப் பக்கம்தான்.

பதிவின்போது எல்லோரும் ஹெட்ஃபோன் போட்டுக்கொள்வோம். அவர் போடுவது செத்த காதில், ஒப்புக்கு. நல்ல காதை அறைக்குத் திறந்து வைத்திருப்பார். பக்கத்திலேயே பியானோ முழங்கும்போது அது போதும். ஆனால் மின்சாரக் கீபோர்டுக்கு அறையில் ஓசை கிடையாது. வயர் வழியாகக் கண்ணாடி அக்காவிடம் போய், அங்கிருந்து ஹெட்ஃபோனுக்குத் திரும்பி வருகிறது. பாஸ் கிதாரும் அப்படியே. ஹெட்ஃபோனைக் கழற்றினால் என் டிரம்ஸ் சத்தம்தான் மிஞ்சும், அதுவும் நின்றால் அண்ணன் விரல்கள் பிளாஸ்டிக் கட்டைகளைத் தட்டும் டொக் டொக். ஆபீஸில் யாரோ டைப் அடிப்பது போல இருக்கும். ஆகவே இந்தத் தடவை அவர் நல்ல காதைத்தான் ஹெட்ஃபோனுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது.

அந்த ஹெட்ஃபோன்களின் குடுமி அண்ணன் கையில் இருந்தது. யார் காதில் எது கேட்கலாம், எவ்வளவு கேட்கலாம் என்பதை முடிவு செய்யும் பெட்டி ஒன்றைக் கண்ணாடி அக்காவிடமிருந்து பிடுங்கித் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டான். ஆளுக்கு ஒரு திருகு. பாட்டு நடுவில் என் காதிலிருந்து பாஸைப் பிடுங்குவான், அவர் காதிலிருந்து என் டிரம்ஸைப் பிடுங்குவான். தன் காதில் மட்டும் எல்லாவற்றையும் முழுசாக வைத்துக்கொண்டான். எதற்கு இந்த விளையாட்டு என்று கேட்டேன்.

"எல்லாரும் எல்லாரையும் கேட்டா மரியாதை வந்துடும். மரியாதை வந்தா தூக்கம் வந்துடும். முட்டிக்கணும். ரத்தம் வரணும்."

வந்தது. நான் தாளத்தை இழுக்கிறேன் என்று மைக் மாட்டுகிற இரும்புக் கொக்கி ஒன்றை எறிந்தான், புருவத்துக்கு மேல் தையல் போட்டார்கள். முழங்கையால் ஆர்கனைக் குத்திக் குத்திக் கட்டைகளை உடைத்தான், உடைந்த முனையில் கை கிழிந்து ரத்தத்தைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு மறுபடி குத்தினான். என் வீட்டுக்காரரைச் சட்டையைப் பிடித்துச் சுவரோடு சாத்தினான்.

"மாப்பிள்ளை, நீ வாசிக்கிறது மன்னிப்பு கேக்கிற மாதிரி இருக்கு. யார்கிட்ட என்ன தப்பு செஞ்ச?"

அவர் சிரித்தார். உங்க தங்கச்சியக் கட்டிக்கிட்டேன் மச்சான், அது ஒண்ணுதான் என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீங்கள் ஏன் திருப்பிக் கொடுக்கவில்லை என்று வழியெல்லாம் சண்டை போட்டேன். அவன் பதட்டத்தில் இருக்கிறான், விடு என்றார். அண்ணனுக்கு அவர் வைத்திருந்த பேர் பதட்டம். வேறு யார் வேண்டுமானாலும் வெறி என்பார்கள்.

அப்படியானால் எழுந்து போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். போகாததற்குக் காரணம் பாட்டு. பதிவானதைப் போட்டுக் கேட்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒருவரை ஒருவர் கேட்காமல் முட்டி மோதி வாசித்ததெல்லாம் ஒன்றாகச் சேரும்போது, எரிகிற கட்டடத்தின் படியில் மூன்று பேர் விழுந்தடித்து இறங்குவது போல இருந்தது. என் வாழ்நாளில் நான் அப்படி வாசித்ததில்லை. அந்த ருசிதான் என்னை அங்கே உட்கார வைத்தது.

ஆனால் காது விஷயத்தில் நான் விடவில்லை. அவர் திருகை ஓர் அளவுக்கு மேல் ஏற்றக் கூடாது என்று அண்ணனிடம் கறாராகச் சொன்னேன். கண்ணாடி அக்கா அந்த அளவில் ஒரு சிவப்பு டேப் துண்டை ஒட்டினாள். அண்ணன் என் தலையில் கை வைத்தான். "என் தங்கச்சி புருஷன் காது. எனக்குத் தெரியாதா?" என்றான்.

கடைசி உருப்படி இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க வர வேண்டியது. மொத்த ஆல்பமும் அதற்காகத்தான், மற்றதெல்லாம் அதற்குப் படிக்கட்டு என்பான். மதியம் சாப்பிட்டு வந்து உட்கார்ந்தோம். வாசல் மேல் சிவப்பு விளக்கு எரிந்தது. அது எரியும்போது எவரும் கதவைத் திறக்கக் கூடாது, தும்மக் கூடாது, குழுத் தலைவர் கை தூக்கும் வரை எவரும் நிறுத்தக் கூடாது. எந்தக் கூடத்திலும் இதுதான் சட்டம்.

நன்றாகத்தான் ஏறியது. உச்சிக்குப் போகிற இடத்தில் என் வீட்டுக்காரர் மட்டும் ஏறாமல், ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு அமைதியாக நின்றார். அது எனக்குப் பிடித்திருந்தது. வெள்ளத்தில் நட்ட கம்பம் மாதிரி இருந்தது. அண்ணன் தலையைத் திருப்பி அவரைப் பார்ப்பதைக் கவனித்தேன். அவன் இடது கை பெட்டிக்குப் போனது. அது எப்போதும் போகிற கைதான்.

என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். வாசிக்கும்போது வாயைத் திறந்து கூடவே பாடுவது அவர் வழக்கம். அண்ணனின் கீபோர்டு என் காதை அடைத்துக்கொண்டு அலறியது, அதற்கு மேல் என் டிரம்ஸ். ஆகா, ஏறிவிட்டார் என்று நினைத்து நான் இன்னும் ஓங்கி அடித்தேன். அவர் முழங்கால் மடிந்தது. அப்போதும் சில அடி அடித்திருப்பேன். பாஸ் கிதார் தரையில் விழுந்து, அதன் கழுத்து மடக்கென்று ஒடிவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் குச்சியைப் போட்டுவிட்டு ஹெட்ஃபோனைப் பிய்த்து எறிந்தேன்.

அறையில் இரண்டே சத்தங்கள் இருந்தன. ஒன்று, டொக் டொக் டொக் என்று அண்ணனின் விரல்கள். இன்னொன்று என் வீட்டுக்காரரின் கத்தல். இரண்டு கையாலும் ஹெட்ஃபோனைத் தலையோடு அமுக்கிக்கொண்டு கத்தினார். கழற்றத் தோன்றாத அளவுக்கு வலி. நான் ஓடிப்போய்க் கழற்றினேன். கழற்றிய ஹெட்ஃபோன் என் கையில் இருந்தபடியே, கை நீளத் தூரத்தில், என் காது கூசும்படி அலறியது. பெட்டியைப் பார்த்தேன். அவர் திருகு சிவப்பு டேப்பைத் தாண்டிக் கோடி வரை போயிருந்தது.

அண்ணன் கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருந்தான்.

சிம்பல் தட்டைத் தாங்குகிற இரும்புக் கம்பத்தை, சிம்பலோடு பிடுங்கி, தலைக்கு மேல் ஓங்கி அவன் கை மேல் இறக்கினேன். முதல் அடியில் கட்டைகள் தெறித்தன. இரண்டாவது அடியில் வலது கை விரல்கள் போன சத்தம் கேட்டது. மூன்றாவதை அவன் மண்டைக்குத்தான் ஓங்கினேன். கண்ணாடி அக்கா வந்து பின்னாலிருந்து கட்டிப் பிடித்திராவிட்டால் நான் இந்தக் கதையைச் சிறையிலிருந்து சொல்லிக்கொண்டிருப்பேன். அவன் கையை வயிற்றில் அமுக்கிக்கொண்டு தரையில் உருண்டான். எனக்குக் கொஞ்சம்கூடப் பாவமாக இல்லை.

ஆஸ்பத்திரியில் காது டாக்டர் பூசி மெழுகாமல் சொன்னார். உள்ளே நரம்பு போய்விட்டது, திரும்பாது. ரத்தமோ காயமோ எதுவும் வெளியே தெரியவில்லை. காது பார்க்க அழகாகத்தான் இருந்தது. நான் பேசுவது என் வீட்டுக்காரருக்குக் கேட்கவில்லை. தன் குரல் தனக்கே கேட்காததால் வார்டே திரும்பிப் பார்க்கும்படி பேசினார். ஒரு விசில் மட்டும் விடாமல் கேட்கிறது என்றார். மச்சான் கடைசியாகப் பிடித்திருந்த சுரம் அது, அப்படியே இருக்கிறது, கொஞ்சமும் சுருதி இறங்கவில்லை என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, அவன் கை எப்படி இருக்கிறது என்று கேட்டார். ஹெட்ஃபோன் போட்டிருந்தானே, நான் கத்தியது அவனுக்குக் கேட்டிருக்காது, திருகு தெரியாமல் திரும்பியிருக்கும் என்றார். எனக்கு அவரை அறையலாம் போல இருந்தது. கட்டிக்கொண்டு அழுதேன்.

மறுநாள் அண்ணன் வந்தான். கையில் மாவுக்கட்டு. என் வீட்டுக்காரரைப் பார்க்க உள்ளே வரவில்லை, என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டான். முகத்தில் ஒரு களை. மன்னிப்புக் கேட்கப் போகிறான் என்று நினைத்தேன், கேட்டால் எச்சில் துப்புவது என்றும் முடிவு செய்திருந்தேன்.

அவன் டேப்பைப் போட்டுக் கேட்டுவிட்டு வந்திருந்தான். டேப்பில் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனித் தடம். கீபோர்டும் பாஸும் வயரில் போகிறவை. அறையில் திறந்திருந்தவை என் டிரம்ஸைச் சுற்றி வைத்த மைக்குகள் மட்டும்தான். என் வீட்டுக்காரரின் கத்தல் முழுவதும் அவற்றில் விழுந்திருந்தது. டிரம்ஸும் அலறலும் ஒரே தடத்தில், பிரிக்க முடியாதபடி.

"இதுதான் ஆல்பம். இப்படி ஒரு குரல் எந்தப் பாட்டுலயும் வந்ததில்ல. நீ என் கைய உடைக்கிற சத்தம்கூட இருக்கு. அதுலயே முடிச்சிடுறேன்."

ஒரு மனுஷனின் காது போய்விட்டது என்றேன். தெரியும் என்றான். வீணாகப் போகக் கூடாது அல்லவா என்றான். இனிமேல் தன் கை பழைய மாதிரி ஓடாது என்று எலும்பு டாக்டர் சொல்லிவிட்டார், தனக்கும் இதுதான் கடைசி, ஒருவிதத்தில் சரிக்குச் சரி என்றான். நான் சம்மதித்துவிட்டதாக எடுத்துக்கொண்டு அவன் குரலைத் தாழ்த்தினான்.

"வாசிக்கும்போதே என் காதுல கேட்டுச்சும்மா, உன் மைக் வழியா. கேட்ட உடனே புரிஞ்சு போச்சு, இதுதான்னு. அதான் நிறுத்தல."

மறுநாள் காலையில் கூடத்துக்குப் போனேன். கண்ணாடி அக்காவிடம் என்ன செய்யப்போகிறேன் என்று சொன்னேன். டேப் அண்ணனுடையது, அவள் அனுமதிக்க முடியாது. ஆனால் என் டிரம்ஸ் தடங்களின் பொத்தான்களை மட்டும் பதிவு நிலைக்கு மாற்றி, எல்லா மைக்கையும் மூடிவிட்டு, எனக்குத் தலைவலி, காபி குடித்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினாள்.

டேப்பில் ஒன்றை அழிக்க வேண்டுமென்றால் அதன் மேல் வேறொன்றைப் பதிவு செய்ய வேண்டும். நான் ஒன்றுமில்லாததைப் பதிவு செய்தேன். இயந்திரத்தை ஓடவிட்டு, ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்தேன். பதிவு ஓடியதால் வாசல் மேல் சிவப்பு விளக்கு எரிந்தது. தட்டின் ஒரு பக்கம் ஓடி முடிகிற நேரம் உட்கார வேண்டும்.

பாதியில், கதவிலிருந்த கண்ணாடிச் சதுரத்தில் அண்ணனின் முகம் தெரிந்தது. செத்தோம் என்று நினைத்தேன். அவன் தலையை உயர்த்தி விளக்கைப் பார்த்தான். ஹெட்ஃபோனும் குனிந்த தலையுமாக நான் இருந்ததைப் பார்த்தான். ஏதோ புதிதாகச் சேர்க்கிறேன் என்று முடிவு செய்துவிட்டான். முகம் மலர்ந்தது. மாவுக்கட்டுக் கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, மூச்சு விடாதவன் போல அசையாமல் நின்றான். ஸ்டூலையும் கொக்கியையும் கோடாரியையும் வீசியவன், தன் ஆல்பம் அழிந்து முடிகிற வரைக்கும் வெளியே மரியாதையாக நின்றான்.

விளக்கு அணைந்ததும் உள்ளே வந்தான். எப்படி வந்திருக்கிறது என்று ஆவலாகக் கேட்டான். என் ஹெட்ஃபோனைக் கழற்றி அவன் தலையில் மாட்டி, என் தடங்களை மட்டும் ஓடவிட்டேன். கேட்டான். புருவம் சுருங்கியது. இடது கையால் அவனே சத்தத்தை ஏற்றினான். இன்னும் ஏற்றினான். கோடி வரை ஏற்றினான். காற்று ஓடுகிற சீறல்தான் வந்திருக்கும்.

அவனுடைய கீபோர்டுத் தடம் அதே டேப்பில், அதே இடத்தில், தொடாமல் இருந்தது. அதைத் திறக்கிற பொத்தான் மேல் என் விரல் இருந்தது. அமுக்கினால் போதும். அவன் ஏற்றிவைத்த அளவில், அவன் வாசித்த அதே அலறல், அவன் இரண்டு காதிலும் இறங்கும். ஆசையாக இருந்தது. இவ்வளவு ஆசையாக வாழ்க்கையில் எதற்கும் இருந்ததில்லை.

விரலை எடுத்தேன். மன்னித்ததால் இல்லை. அவனுக்குக் காது இருக்க வேண்டும். அந்த வெற்று டேப்பைச் சாகும் வரை அவன் போட்டுக் கேட்க வேண்டும்.

புரிந்துகொள்ள அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு மாவுக்கட்டோடு கையை ஓங்கி என் முகத்தில் அடித்தான். பல் ஒன்று விழுந்தது. நான் நாற்காலியோடு சாய்ந்தேன். மறுபடி அடித்தான், கட்டு உடைந்து, உள்ளே எலும்பும் மறுபடி உடைந்து, அவனே அலறிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். காபி வாசனையோடு வந்த கண்ணாடி அக்கா எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு ஆம்புலன்சுக்குப் போன் செய்தாள்.

என் வீட்டுக்காரரை வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று மாலை, கட்டிலில் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்து சட்டையைக் கழற்றினார். என் வீங்கிய வாயைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"அன்னிக்குக் கடைசியில என்ன வாசிச்ச? ஹெட்ஃபோன்ல அவன் உன்னை எனக்குக் கொடுக்கவே இல்ல."

அவர் முதுகில் விரல்களால் வாசித்துக் காட்டினேன். நினைவிருந்தது எல்லாவற்றையும் அடித்தேன், உச்சிக்கு ஏறுகிற இடத்தை அவருக்கு வலிக்கும்படியே அடித்தேன். அவர் தலை லேசாக ஆடியது. ஓர் இடத்தில் கை நின்றது.

அவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். அங்கேதான் நீங்கள் கத்தினீர்கள், அதற்கு மேல் நான் வாசிக்கவில்லை என்று வாயை அகலத் திறந்து மெதுவாகச் சொன்னேன். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டார். பாவம், மச்சானுக்கு அது கேட்டிருக்காது என்றார் மறுபடியும்.

"கேட்டுச்சு. கேட்டுக்கிட்டேதான் வாசிச்சான்."

அவர் வெகு நேரம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரியாத் தெரியல. இன்னொரு தடவ சொல்லு."

புரிந்துவிட்டது என்று அவர் கண்ணிலேயே தெரிந்தது. இருந்தாலும் இன்னொரு தடவை சொன்னேன்.